கொண்டலுக்கு எதிரே 21 கிலோமீட்டர்

மழை வந்தால் ஓட்டத்தைத் தள்ளி வைப்பீர்களா என்று சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நண்பர்கள் கேட்கிறார்கள். ராமநாதபுரத்தில் பிறந்தவன் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வான்? கீழே வேலை செய்பவரை மிரட்ட நினைக்கும் அதிகாரி "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்றால் அது எந்த மாவட்டம் என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். ஆண்டு முழுவதும் சேர்த்தால் 80 சென்டிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். அதிலும் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. அந்த மழைக்குப் பயந்து ஒருவன் ஓடாமல் வீட்டில் உட்கார்ந்தால் பெற்ற தாயே சிரிப்பாள்.

ஓடுகிறவனுக்கு இந்தக் கரையில் பகை வெயில்தான். தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குதான் உடம்பை முன்னே நகர்த்துகிறது; மிச்சமெல்லாம் சூடாக உள்ளேயே தேங்குகிறது. அந்தச் சூடு வெளியேற வேண்டுமானால் வியர்வை ஆவியாக வேண்டும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற வியர்வையால் உடம்பு குளிராது. ரத்தத்தைத் தசையும் கேட்கும், தோலும் கேட்கும். இதயம் இரண்டு பக்கத்துக்கும் பங்கு வைக்க முடியாமல் அடித்துக்கொள்ளும். சித்திரை மாதத்தில் காலை எட்டு மணிக்கு மண்டபம் சாலையில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. மேலே விழுகிற தண்ணீர் சூட்டை அப்படியே வாங்கிக்கொண்டு வழிந்து போய்விடுகிறது.

ஆகவே மழையைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் கிடையாது. என் புகார் எல்லாம் காற்றைப் பற்றித்தான். மழைநாளில் ஓடிவிட்டு வந்து 'மழை படுத்திவிட்டது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் காற்றின் குற்றத்தை மழையின் தலையில் கட்டுகிறார்கள். இதை நான் உறுதியாகச் சொல்வது தனுஷ்கோடிச் சாலையில் கார்த்திகைக் கடைசியில் நாங்கள் நாலு பேர் ஓடியதை வைத்துத்தான்.

அந்த நாலு பேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துப் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் வாத்தியார். எங்களில் மூத்தவர், நெட்டையர், எதையும் அளக்காமல் நம்பாதவர். கீழக்கரைக் காக்கா, அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், எங்களுக்கும் அவர் காக்காதான். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து வளர்ந்த வயிற்றைக் குறைக்க ஓட ஆரம்பித்தவர். வயிறு அப்படியே இருக்கிறது, ஓட்டம் வளர்ந்துவிட்டது. தங்கச்சிமடத்தில் செவிலியராக வேலை பார்க்கும் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். ஊர்ப் பெயரை வைத்தோ என்னவோ, காக்கா அவளைத் தங்கச்சி என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. நாலாவது ஆள் நான். எங்கள் நாலு பேரில் வேகமாக ஓடுகிறவள் தங்கச்சிதான். மற்ற மூன்று பேரும் ஆண்கள் என்பதால் இதைச் சொல்ல எங்களுக்குச் சிறிது காலம் பிடித்தது.

எங்களுடையது பதக்கம், சட்டை, மேடை, கைதட்டல் எதுவும் இல்லாத ஓட்டம். நாங்களே தேதி குறித்து, நாங்களே தூரம் அளந்து ஓடியது. அரை மாரத்தான் என்றால் 21.0975 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி பாதை போட்டார்கள், அந்த 42.195 கிலோமீட்டரையே 1921இல் உலகத்துக்கெல்லாம் அளவாக்கிவிட்டார்கள். அதில் பாதி எங்கள் பங்கு. அரச குடும்பத்தின் வசதிக்காக ஒட்டிக்கொண்ட அந்தத் தொண்ணூற்றேழரை மீட்டரை விட்டுவிடலாமே என்று காக்கா கேட்டார். வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஐந்து கிலோமீட்டர், அங்கிருந்து நிலம் முடிகிற அரிச்சல்முனைக்கு நாலரை. ஆக ஒன்பதரை. போய்த் திரும்பினால் 19. மீதி 2.1 கிலோமீட்டருக்கு, சத்திரத்துக்கு ராமேசுவரம் பக்கமாக ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பின்னால் போய் ஒரு கல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டார் வாத்தியார். மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும் என்று தெரிந்து, பக்கத்திலிருந்த உடை மரத்தில் சிவப்புத் துணி ஒன்றும் கட்டினார்.

இந்தச் சாலை 2017ஆம் ஆண்டில்தான் போக்குவரத்துக்குத் திறந்தது. அதற்கு முன்னால் சத்திரத்துக்கு அப்பால் மணல்தான். வேன்காரர்கள் மணலிலும் தண்ணீரிலும் ஓட்டிப் போவார்கள், இல்லாவிட்டால் நடை. இப்போது கறுப்பாக நேராகக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் கடல். நிழல் தர மரம் கிடையாது, ஒதுங்கக் கூரை கிடையாது. ஓடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, சாலை போகும் திசை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகிறது. பருவ மழைக்காலத்தில் காற்று வடகிழக்கு. அதாவது அரிச்சல்முனைக்குப் போகும்போது காற்று இடது தோளில் அடிக்கும், திரும்பும்போது வலது தோளில். காகிதத்தில் பார்த்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நாங்களும் அப்படித்தான் கணக்குப் போட்டோம். தங்கச்சியின் அப்பாதான் முதல் நாள் இரவு தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார். "வடகீழ் காற்று விடிகிற வரைதான். அப்புறம் கொண்டல் ஏறும். போகும்போது முகத்தில் வாங்குவீர்கள்" என்றாராம். கொண்டல் என்றால் கிழக்குக் காற்று.

ஓடுவதா வேண்டாமா என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் விதி எளிது. பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருந்தால் ஓட்டம் இல்லை, அவ்வளவுதான். எத்தனையாம் எண் கூண்டு, புயல் எங்கே இருக்கிறது, நமக்கு வருமா என்ற ஆராய்ச்சி எல்லாம் தேநீர்க் கடைக்குச் சரி. 2020 டிசம்பரில் புரெவி இந்தக் கரைக்குப் பக்கத்தில் வந்து நகராமல் நின்றுவிட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஆண்டு மழையில் பாதி. அந்தத் தண்ணீரில் ஓடுவது வீரம் இல்லை. மீட்கப் போகிறவர்களுக்கு இன்னொரு வேலை வைப்பது.

இரண்டாவது விதி இடி. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே எண்ண வேண்டும். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வண்டிக்குள் ஏறிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கலாம். வேறு சாலையில் இதற்குச் சலுகை உண்டோ என்னவோ, இந்தச் சாலையில் கிடையாது. சுற்றிலும் தண்ணீரும் மணலும்தான். அந்த வெளியில் உயரமான பொருள் ஓடிக்கொண்டிருக்கும் வாத்தியார்தான். "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பார்கள். இங்கே இடி மின்னல் ஐப்பசியில்தான் அதிகம். போகப் போகக் குறையும். அதனால்தான் கார்த்திகைக் கடைசி என்று வைத்தோம். சோதனைச் சாவடியில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். பின்னால் வர ஓர் ஆட்டோ. அதில் துண்டு, மாற்றுச் சட்டை, தண்ணீர், ஒரு டப்பா கருப்பட்டி.

மழை ஓட்டத்துக்கு என்ன உடுத்துவது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பருத்தி பனியன் வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கனத்து, அக்குளையும் மார்பையும் அராவி எடுத்துவிடும். காலுறைக்கும் அதே. ஊறிய தோல் சீக்கிரம் உரசிக் கொப்பளிக்கும் என்பதால் கால் விரல் இடுக்கு, தொடை, அக்குள் எல்லாவற்றிலும் வாசலின் தடவ வேண்டும், தாராளமாக. காக்கா தேங்காய் எண்ணெய் போதும் என்று பிடிவாதமாகத் தடவி வந்தார். பாதி வழியில் அது மழையோடு போய்விட்டது, மிச்ச வழியெல்லாம் கையை அகட்டிக்கொண்டுதான் ஓடினார். ஆண்கள் மார்பில் இரண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வது நல்லது. சிரிக்க வேண்டாம். ஒட்டாதவர்களின் சட்டையில் ரத்தக் கறையைப் பார்த்திருக்கிறேன்.

மழைச்சட்டை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். வெளியே மழையில் நனைவதற்குப் பதில் உள்ளே வியர்வையில் நனைவீர்கள். தொடங்குவதற்கு முன் காத்திருக்கும்போது மட்டும், பெரிய பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டால் போதும். முன்பக்கம் விளிம்பு நீண்ட தொப்பி கட்டாயம். கண்ணில் தண்ணீர் அடிக்காமல் இருந்தாலே மழையின் தொல்லையில் பாதி போய்விடும். தொடுதிரைக் கடிகாரத்தை முன்பே பூட்டிவிடுங்கள். விழுகிற துளியையெல்லாம் விரல் என்று எடுத்துக்கொண்டு அது நிற்கும், ஓடும், தானாக நீச்சலுக்கு மாறும். வாத்தியாரின் பழைய பொத்தான் கடிகாரத்துக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் தூறலில் தொடங்கினோம். சத்திரம் தாண்டும் வரை பேச்சும் சிரிப்பும்தான். மழை வலுத்தது, ஆனால் கனத்த மழையில் ஓடுவதில் ஒரு வசதி உண்டு. முதல் பத்து நிமிடத்தில் நனைய வேண்டியதெல்லாம் நனைந்துவிடும். அதற்குப் பிறகு குட்டையைத் தாண்டுவதா மிதிப்பதா என்ற யோசனையே எழாது. ஆனால் மிதிக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். சாலையோர வெள்ளைக் கோட்டில் கால் வைத்தால் வழுக்கும். பெயின்ட் ஈரமானால் தாரைவிட மோசம். காற்று வடக்குப் பக்கத்திலிருந்து மணலைக் கொண்டுவந்து அங்கங்கே சாலையில் நாக்கு நாக்காகப் போட்டிருந்தது. ஈர மணல் இறுகியிருப்பதாகத் தெரியும், காலை வைத்தால் உள்வாங்கும்.

இடது பக்கம் பாக் நீரிணை கலங்கி மண்ணிறமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கம் மன்னார் வளைகுடா ஏறக்குறைய சும்மா கிடந்தது. சுற்றுலா வருகிறவர்களிடம் வழிகாட்டிகள், வடக்கே இருப்பது பெண் கடல், அமைதி; தெற்கே இருப்பது ஆண் கடல், ஆவேசம் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அது தென்மேற்குப் பருவத்தின் கதை. கார்த்திகையில் வந்து பார்த்தால் தலைகீழ். பொங்குவது பெண் கடல், அடங்கிக் கிடப்பது ஆண் கடல். தனுஷ்கோடிக் குடிசைகளில் இருப்பவர்களுக்கு இது பாடமாகவே தெரியும். காற்று மாறும்போது தொழிலையும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்வார்கள். அன்று காலையிலும் வலது பக்க மணலில்தான் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மழையில் ஓடிவரும் எங்களைக் கண்டதும் ஒரு பெரியவர் கையைத் தூக்கி, "எதுவும் விபத்தா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அதற்கு மேல் அவருக்கு எங்களிடம் அக்கறை இல்லை.

பழைய தனுஷ்கோடியை நெருங்கும்போது, தங்கச்சியின் அப்பா சொன்ன கொண்டல் வந்தது. இடது தோளில் அடித்துக்கொண்டிருந்த காற்று மெல்ல மெல்ல முன்பக்கமாக நகர்ந்து இடது கன்னத்துக்கு வந்துவிட்டது. தென்கிழக்கே ஓடுகிறவனுக்குக் கிழக்குக் காற்று முழுக்க எதிரும் இல்லை, முழுக்கப் பக்கமும் இல்லை. மழைத்துளி சாய்ந்து வந்து தொப்பி விளிம்புக்குக் கீழே புகுந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வேகம் குறைந்தது, குறைந்த வேகத்துக்கும் கூடுதல் மூச்சு வாங்கியது. இதுவரை முன்னும் பின்னுமாகத் தத்தம் ஓட்டத்தை ஓடிக்கொண்டிருந்த நாலு பேரும் அங்கேதான் ஒன்று சேர்ந்தோம். நட்பினால் அல்ல, காற்றினால்.

நேர் எதிர்க் காற்றாக இருந்தால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம். முன்னால் இருப்பவர் காற்றை வாங்குவார், பின்னால் இருப்பவருக்குப் பாரம் குறையும். சாய்வாக வரும் காற்றுக்கு அந்த வரிசை பயன்படாது. முன்னால் இருப்பவரின் மறைப்பு நேர் பின்னால் விழாமல் பக்கவாட்டில் விழுகிறது. சைக்கிள் பந்தயக்காரர்கள் இதற்காகவே சாலையில் குறுக்காகச் சரிந்து ஓட்டுவார்கள். வாத்தியாருக்கு அது தெரிந்திருந்தது. "எனக்கு நேர் பின்னால் வராதீர்கள். வலது தோளுக்குப் பின்னால் வாருங்கள்" என்று கத்தினார். அவர் இடது ஓரத்தில் முன்னால், அவருக்கு வலப்புறம் சற்றுப் பின்னால் நான், எனக்கு வலப்புறம் தங்கச்சி, கடைசியில் காக்கா. நாரைக் கூட்டத்தின் ஒரு சிறகை வெட்டியெடுத்துச் சாலையில் விட்ட மாதிரி நாங்கள் போனோம். பின்னால் ஆட்டோ விளக்கைப் போட்டுக்கொண்டு வந்ததால்தான் சாலையை இப்படி அடைத்துக்கொள்ள முடிந்தது. அந்த நேரத்தில் எதிரே மீன் வண்டி ஒன்றைத் தவிர எதுவும் வரவுமில்லை.

அந்த மறைப்புக்குள் நுழைந்த கணத்தில் காது முதலில் உணர்ந்தது. அதுவரை இரைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கி, வாத்தியாரின் காலணி தண்ணீரை மிதிக்கும் சத்தம் சளக், சளக் என்று தனியாகக் கேட்டது. கண் திறந்தது. அவர் சட்டையின் முதுகு தெரிந்தது. ஓரடி தள்ளிப் போனால் மறுபடியும் இரைச்சல். ஆகவே யாரும் தள்ளிப் போகவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் வலது கோடிக்கு ஒதுங்கிவிட வேண்டும், அடுத்தவர் முன்னால் வர வேண்டும் என்பது ஏற்பாடு. காக்காவின் முறை வந்தபோது, அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, "நீங்கள் இருங்கள் காக்கா, நான் இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன்" என்றாள் தங்கச்சி. அவர் கேட்கவில்லை. "என் உடம்புக்குப் பின்னால் மூன்று பேர் மறையலாம் தங்கச்சி, இந்த வயிறு வேறு எதற்கு ஆகும்?" என்று முன்னால் போனார். உண்மையிலேயே எங்கள் நாலு பேரில் காற்றை நன்றாக மறைத்தது அவர்தான். ஓட்டம் தனிமையின் விளையாட்டு என்று எழுதுகிறவர்கள் யாரும் கொண்டல் காற்றில் இந்தச் சாலைக்கு வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

இடிந்த தேவாலயத்தை அப்படித்தான் கடந்தோம். மழையில் பவளக்கற்கள் கறுத்துத் தெரிந்தன. 1914 முதல் சென்னையிலிருந்து ரயில் இங்கே வந்து நிற்கும், பயணிகள் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் அடித்து, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோனது. இந்த இடத்தில் கூண்டு விதியை நாங்கள் ஏன் அவ்வளவு கண்டிப்பாக வைத்திருக்கிறோம் என்பதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு விஷயம். சுற்றிலும் உப்புக் கடல், நடுவே மணல் திட்டு. ஆனால் மணலைக் கையால் சில அடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. பெண்கள் குழிக்குள் இறங்கிச் சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்புவார்கள். ராமர் புண்ணியம் என்று சொல்பவர்கள் உண்டு. காரணம் மழைதான். மணலில் இறங்கும் மழைநீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது. அதனால் அடியில் இருக்கும் கடல்நீரோடு உடனே கலந்துவிடாமல் அதன் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், மேலோடு அள்ளினால் இனிப்பு. அன்று எங்கள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது, அந்தப் பெண்கள் பங்குனி சித்திரையில் குடிக்கப் போகும் தண்ணீர். நனைகிறோமே என்று அங்கே நின்று அலுத்துக்கொள்ள எனக்கு வாய் வராது.

அரிச்சல்முனையில் நான்முகச் சிங்கத் தூணைச் சுற்றித் திரும்ப வேண்டும். அலை கற்களில் மோதித் தெறித்துச் சாலை வரை வந்தது. இலங்கை தெரிகிறதா என்று வழக்கமாகப் பார்க்கும் காக்கா அன்று நிமிரவே இல்லை. ஆட்டோவிலிருந்து கருப்பட்டி எடுத்து ஆளுக்கொரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டோம். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி. வெளிநாட்டுப் பாகுப் பொட்டலங்கள் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. குளிரில் விறைத்த விரலால் அந்த உறையைக் கிழிக்க முடியாது என்பது ஒரு பக்கம், கருப்பட்டியின் ருசி அதில் இல்லை என்பது இன்னொரு பக்கம். கூடவே உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் இரண்டு மிடறு குடித்தே தீர வேண்டும் என்று தங்கச்சி நின்றாள். மழையில் தாகம் தெரியாது, ஆனால் வியர்வை போய்க்கொண்டேதான் இருக்கும். உடம்பு முழுக்க நனைந்திருப்பதால் எது வியர்வை எது மழை என்று தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். குடிக்காமல் ஓடி, முடிந்த பிறகு கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவள் சொன்னால் கேட்க வேண்டியதுதான்.

திரும்பியதும் காற்று வலது பின்பக்கத்துக்குப் போய்விட்டது. போகும்போது கொடுத்ததைக் கொண்டல் இப்போது திருப்பித் தரும் என்று நான் எதிர்பார்த்தேன். தந்தது, ஆனால் முழுசாக இல்லை. காற்றின் தடை, எதிர்ப்படும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது; அதனால் எதிர்க் காற்று பிடுங்குவது எப்போதும் பின் காற்று கொடுப்பதைவிட அதிகம். வட்டிக்கடைக் கணக்கு. இருந்தாலும், வரிசை கலைந்தது. இப்போது யாருக்கும் யாருடைய முதுகும் தேவைப்படவில்லை. தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லாமல் முன்னால் போய், சில நிமிடங்களில் மழைக்குள் சின்னதாகிவிட்டாள். வாத்தியார் அவளைப் பிடிக்கப் பார்த்துப் பிறகு விட்டுவிட்டார். நானும் காக்காவும் பின்னால். கடைசி ஐந்து கிலோமீட்டரில் காக்கா பேசுவதை நிறுத்தினார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். நான் கடை விலைவாசியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தேன். பதில் வராவிட்டாலும், தப்பான விலை சொன்னால் திருத்துவதற்காகவாவது வாயைத் திறப்பார் என்று தெரியும். துவரம்பருப்பு விலையைக் குறைத்துச் சொன்னேன். திருத்தினார். அப்படியே சிவப்புத் துணி வரை வந்து சேர்ந்தோம். இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வாத்தியார் சொன்ன தொண்ணூற்றேழரை மீட்டரையும் சேர்த்து.

மழை ஓட்டத்தில் கவனமாக இருக்க வேண்டியது அதற்குப் பிறகுதான். ஓடும் வரை உடம்பு சூடு உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நின்ற கணத்தில் அது நின்றுவிடும், ஆனால் நனைந்த துணியும் காற்றும் சூட்டை இழுப்பதை நிறுத்தாது. ராமநாதபுரத்தில் குளிரா என்று கேட்பவர்கள், ஈரச் சட்டையோடு பத்து நிமிடம் கொண்டலில் நின்று பார்க்கலாம். காக்காவுக்குப் பல் கிட்டியது. புகைப்படம் எடுக்க வேண்டும் என்று நின்றவரைத் தங்கச்சி விடவில்லை. "முதலில் சட்டையை மாற்றுங்கள் காக்கா, படம் அப்புறம்" என்று துண்டை அவர் தலையில் போட்டாள். ஆட்டோக்கார அண்ணன் குடுவையில் கொண்டுவந்திருந்த சுக்குக் காபி, கருப்பட்டி போட்டது, நாலு பேருக்கும் இரண்டு சுற்று வந்தது. காசு கேட்டதற்கு, மழையில் இப்படி ஓடுகிறவர்களிடம் என்ன வாங்குவது என்று பரிதாபமாகப் பார்த்தார்.

காலணியை வெயிலில் காயவைக்க வெயில் இல்லை. அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டுவிடும். உள்தகட்டை உருவிவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்ற வேண்டும். உப்புக் காற்றில் ஓடியதால் முதலில் நல்ல தண்ணீரில் அலசுவதும் அவசியம். இல்லாவிட்டால் காய்ந்தாலும் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது எங்கே என்ற பேச்சு தொடங்கிவிட்டது. கீழக்கரைப் பக்கம் வராமல் என்ன ஓட்டம் என்கிறார் காக்கா. பெரியபட்டினத்தில் தொடங்கிக் கீழக்கரை வழியாக ஏர்வாடி வரை போகலாம் என்பது அவர் யோசனை. தூரம் சரியாக வருமா என்று அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் வாத்தியார். அந்தச் சாலை எந்தத் திசையில் போகிறது என்று மட்டும் கேட்டாள் தங்கச்சி. மேற்கே. அப்படியானால் போகும்போது கொண்டல் முதுகில், திரும்பும்போது முகத்தில். திரும்புவானேன் என்கிறார் காக்கா; ஏர்வாடியிலிருந்து பஸ் இருக்கிறதாம்.